வெள்ளச்சிக்கு ஊசி போட்ட கதை

மணியார்டர் காலத்தைப் பற்றிப் போன மாதம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு பழைய நண்பர் போனில் கூப்பிட்டார். "எல்லாம் எழுதினீங்க. போஸ்ட்மேன்னா நாய் கடிச்சிருக்குமே, அதை எழுதலையே?" என்று கேட்டுச் சிரித்தார். கடித்திருக்கிறது. அதையும் எழுதத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் எங்கள் வீட்டு நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வருஷம் பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் அவளைப் பற்றிய பேச்சாகவே போயிற்று.

நான் ஓய்வு பெற்றது 2015இல். 2017இல் மகன் சென்னையிலிருந்து வரும்போது ஒரு வயர் கூடையில் நாற்பது நாள் குட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். "ரெண்டு பேரும் தனியா இருக்கீங்க, துணைக்கு இருக்கட்டும்ப்பா" என்றான். தபால்காரன் வீட்டில் நாயா என்று தெருவே சிரித்தது. பொமரேனியன் என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். நம் ஊரில் அந்தப் பெயரில் விற்பதெல்லாம் பெரும்பாலும் ஸ்பிட்ஸ் என்று பின்னால் டாக்டர் சொன்னார். எதுவானால் என்ன, பஞ்சு மூட்டை மாதிரி வெள்ளையாக இருந்தது. என் மனைவி வெள்ளச்சி என்று பெயர் வைத்தாள். நாயே வேண்டாம் என்று முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டவள், மூன்றாம் நாள் தயிர் சாதத்தைத் தன் கையால் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

வருஷா வருஷம் ஆகஸ்டில் தடுப்பூசி. ஒன்று வெறிநாய்க் கடிக்கானது. இன்னொன்று ஒரே சிரிஞ்சில் பல நோய்களுக்கானது. டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் என்று அட்டையில் வரிசையாக ஒட்டுவார்கள். நான் தபால் ஆபீசில் வளர்ந்தவன். ஸ்டாம்பும் தேதியும் இருந்தால் மனசு நிம்மதியாகிவிடும். 2023 ஆகஸ்ட் வரை அந்த அட்டையில் ஒரு வருஷம்கூட விட்டுப்போகவில்லை.

அந்த 2023 ஆகஸ்டில் இரண்டு ஊசியையும் ஒரே நாளில் போட்டார்கள். நாயை மேசையில் ஏற்றினோம், இறக்கினோம், அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் வெள்ளச்சி கட்டிலுக்கு அடியிலிருந்து வரவில்லை. தயிர் சாதம் என்ற வார்த்தை காதில் விழுந்தால் எங்கிருந்தாலும் ஓடிவருகிறவள், கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தாள். மனைவி உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. கொல்லையில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று.

முதலில் காட்டிய இடத்தில் மஞ்சள் காமாலை என்றார்கள். பக்கத்து வீட்டம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொன்னார். இரண்டு நாள் அதில் போயிற்று. மூன்றாம் நாள் காலையில் ஒரு வாடகைக் காரைப் பிடித்துக்கொண்டு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். பாபநாசத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர். வழியெல்லாம் மனைவி அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டே வந்தாள், மூச்சு ஓடுகிறதா என்று.

ரத்தத்தில் சிவப்பணுக்கள் எவ்வளவு பங்கு என்று ஒரு கணக்கு எடுக்கிறார்கள். பி.சி.வி. என்று பெயர். நாய்க்கு 37க்கு மேல் இருக்க வேண்டுமாம். வெள்ளச்சிக்கு 13. ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பூதக்கண்ணாடியில் பார்த்து, உண்ணியால் வரும் பபீசியா என்ற கிருமி இருக்கிறது என்றார்கள். அது மட்டுமில்லை. அந்தக் கிருமியை விரட்டக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, வழி தவறித் தன் சொந்தச் சிவப்பணுக்களையே அழித்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். வேலியே பயிரை மேய்கிற கதைதான்.

அன்றைக்கே ரத்தம் ஏற்ற வேண்டும். எங்கள் அடுத்த தெருவில் ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர் ஒருவர் முப்பத்தைந்து கிலோவுக்கு ஒரு லேப்ரடார் வளர்க்கிறார். போன் போட்டேன். மனுஷர் மறுபேச்சுப் பேசாமல் அதைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அது வாலை ஆட்டிக்கொண்டே ரத்தம் கொடுத்தது. கார் வாடகையைக் கொடுக்கப் போனேன். "நாய்க்கு நாய் செய்யுது, நடுவுல நமக்கு என்ன சார் கணக்கு" என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்து அந்த லேப்ரடாருக்குத் தனியாக ஒரு பாக்கெட் பிஸ்கட் போகிறது.

வெள்ளச்சி பிழைத்தாள். ஆனால் முழுசாகக் குணமாகவில்லை. எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்க ஸ்டீராய்டு மாத்திரை. அதைத் தின்றால் ஓயாத பசி, ஓயாத தாகம், ராத்திரி மூன்று தடவை கொல்லைக் கதவைத் திறக்க வேண்டும். ஏழரைக் கிலோ நாய், சாமிக்கு வைத்த வடையை எட்டித் தின்றது அந்தச் சமயத்தில்தான். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தோம். 2024 பிப்ரவரியில் நிறுத்தலாம் என்று பார்த்தபோது பி.சி.வி. மறுபடி 22க்கு விழுந்தது. திரும்ப முதலிலிருந்து. கடைசியில் 5 மில்லிகிராம் மாத்திரையில் பாதி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்ற இடத்தில் வந்து நின்றது. நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டுத் தேதி, எடை, மாத்திரை, பி.சி.வி. என்று எழுதி வருகிறேன். முப்பத்தெட்டு வருஷம் ரிஜிஸ்டர் எழுதிய கை, சும்மா இருக்குமா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஊசி போட்டு மூன்று வாரத்தில் நோய் வந்தது. டாக்டர்கள் உண்ணி என்றார்கள். என் மனைவி ஊசி என்றாள். "ஆறு வருஷம் உண்ணியோடதான் இருந்தா. அந்த ஒரு நாள் ரெண்டு ஊசியைப் போட்டாங்க, போயிடுச்சு" என்பாள். அதனால் 2024 ஆகஸ்ட் வந்ததும் அட்டையை யாரும் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. உடம்பு அப்படியிருந்த நிலையில் டாக்டரும் இப்போது வேண்டாம் என்றுதான் சொன்னார். செப்டம்பர், அக்டோபர் என்று போயிற்று. தேதி தாண்டிப்போன அட்டை பீரோவில் இருப்பது எனக்கு மட்டும் ராத்திரியில் ஞாபகம் வரும்.

இந்த வருஷம் மார்ச்சில் ஒரு சாயங்காலம் எங்கள் தெருவில் ஒரு செம்மட்டை நிறத் தெருநாய் வந்தது. நடை சரியில்லை. பின்னங்கால் இழுத்தது, வாயில் எச்சில் நூலாகத் தொங்கியது. பூக்காரம்மாவின் கெண்டைக்காலைக் கடித்தது. டியூஷனுக்குப் போன ஒரு பையனைக் கடித்தது. யாரும் கல்லெடுத்ததாகத் தெரியவில்லை, சீண்டியதாகவும் இல்லை. கடித்துவிட்டுக் குரைக்காமல் போய்க்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டு இரும்புக் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. உள்ளே வெள்ளச்சி கம்பிக்கு இந்தப் பக்கம் மூக்கை வைத்துக்கொண்டு வாள் வாள் என்று கத்துகிறாள். நான் செருப்பைத் தேடுவதற்குள் மனைவி வெறுங்காலோடு ஓடிப்போய் அவளைப் பின்னாலிருந்து வாரித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்த நாய் அன்று ராத்திரியே பள்ளிக்கூடத்துச் சுவரோரம் செத்துக் கிடந்தது.

ராத்திரி பத்து மணி வரை நாங்கள் தூங்கவில்லை. ஹாலில் பழைய வேட்டியை விரித்து வெள்ளச்சியைப் படுக்க வைத்து, நான் டார்ச் அடிக்க, மனைவி சீப்பால் முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். மூக்கு, உதடு, காது, கழுத்து, முன்னங்கால். அடர்ந்த வெள்ளை முடி. ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் தெரிய வேண்டும், ஆனால் தெரியாமலும் போகலாம். டாக்டரம்மா போனில் ஒரே ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்: "கடி இல்லைன்னு உறுதியா சொல்றீங்களா ஐயா?" கம்பிக்கும் அந்த நாய்க்கும் நடுவில் இரண்டடி இருந்தது என்று மனைவி சத்தியம் செய்தாள். நான் டார்ச்சை இரண்டாம் தடவை அடித்தேன்.

பூக்காரம்மாவும் அந்தப் பையனும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காயத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, காயத்தைச் சுற்றி ஒரு மருந்து ஏற்றி, கையில் ஊசி. முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். முடிந்தது. பூக்காரம்மா மறுநாள் காலையில் பூ கொண்டுவந்தார். அவர் காலைப் பார்த்ததும்தான் எனக்கு 1979 ஞாபகம் வந்தது.

அப்போது எனக்கு 24 வயது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். குடமுருட்டிக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்கள் என் பீட். ஒரு கிழவிக்கு மகன் அனுப்பிய அறுபது ரூபாய் மணியார்டரைத் திண்ணையில் உட்கார்ந்து எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கைநாட்டு வாங்க மைப்பெட்டியைத் திறந்தபோது பின்னாலிருந்து ஒரு நாய் ஆடுசதையைக் கவ்விவிட்டது. கிழவி வீட்டு நாயில்லை. யார் வீட்டு நாயும் இல்லை. நாய் உயிரோடு இருந்தால் பத்து நாள் கவனித்துப் பார்க்கலாம். பத்து நாளும் அது நன்றாக இருந்தால் கடிபட்டவனுக்கும் பயமில்லை. ஆனால் அது ஓடிவிட்டது.

அந்தக் காலத்து ஊசி எப்படி என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். தொப்புளைச் சுற்றி, தினம் ஒன்று. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து. 1911இல் டேவிட் செம்பிள் என்ற வெள்ளைக்காரர் கசௌலியில் உருவாக்கிய முறை. நம் பக்கத்துக்கு 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையத்திலிருந்து வரும். 2004-05 வாக்கில்தான் இந்தியாவில் அதை அடியோடு நிறுத்தினார்கள். வயிறு பலகை மாதிரி வீங்கி, சட்டை உரசினாலே வலிக்கும். அதுகூடப் பரவாயில்லை. மூளைத் திசு கலந்த மருந்து என்பதால் சிலருக்கு அந்த ஊசியினாலேயே நரம்பு பாதித்துக் கைகால் விழுந்துவிடும். முதல் நாளே ஆஸ்பத்திரி டாக்டர் அதை என் அப்பாவிடம் சொன்னார். மறைக்கவில்லை. அபூர்வம்தான், ஆனால் உண்டு, கால் மரத்தால் உடனே சொல்லுங்கள் என்றார்.

அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றபடி கேட்டார். "போடலைன்னா என்னங்க ஆவும்?"

டாக்டர் பதில் சொல்லவில்லை. மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடினார்.

"அப்ப போடுங்க" என்றார் அப்பா.

பதினாலு நாளும் ராத்திரி அப்பா என் பாதத்தில் விளக்குமாற்றுக் குச்சியால் கீறிப் பார்ப்பார், உணர்ச்சி இருக்கிறதா என்று. எனக்குக் கூச்சத்தில் சிரிப்பு வரும். அவர் ஒரு நாளும் சிரித்ததில்லை.

போடாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் மூன்று வருஷம் கழித்து நேரில் பார்த்தேன். அதே பீட்டில் ஒரு விவசாயக் கூலி. நடவு முடித்து வரும்போது ஒரு குட்டி நாய் கையைக் கடித்திருக்கிறது. குட்டிதானே என்று விட்டுவிட்டார்கள். பச்சிலை வைத்துக் கட்டி, மந்திரித்து, உப்பில்லாமல் பத்தியம் இருந்தார். ஒன்றரை மாதம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு நாள் நான் கடிதம் கொடுக்கப் போனபோது மாட்டுக் கொட்டகையில் தனியாகப் படுக்க வைத்திருந்தார்கள். அவர் மனைவி ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுபோனார். டம்ளரைக் கண்டதும் அந்த மனிதரின் தொண்டை இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன். அதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை. மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. இன்றைக்கும் நம் நாட்டில் வருஷத்துக்கு 18,000 முதல் 20,000 பேர் வரை இந்த நோயில் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அறிகுறி தெரிந்த பிறகு மருந்து இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இதெல்லாம் என் மனைவிக்கும் தெரியும். கல்யாணமான புதிதில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆனால் அவளுக்கு வெள்ளச்சியின் வெளுத்த ஈறும் தெரியும். அவள் பயமும் பொய்ப் பயமில்லை.

இதற்கு நடுவில் மகன் போன் செய்தான். மே மாதம் லீவுக்குப் பேத்தியைக் கொண்டுவந்து விடுவதாக இருந்தது. ஆறு வயசு. வெள்ளச்சியின் வாலைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறவள். தெருநாய்ச் சமாச்சாரத்தை நான்தான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஊசி போட்டு ஒன்றரை வருஷம் ஆச்சேப்பா. பாப்பாவை எப்படிப்பா விடறது?" என்றான். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மனைவி ஒன்றும் சொல்லாமல் எழுந்து அடுப்படிக்குப் போனாள். பால் பொங்குகிற சத்தம்கூட இல்லை, சும்மா போய் நின்றாள்.

சரி, போய் உட்கார்ந்து பேசுவோம் என்று ஏப்ரல் முதல் வாரம் டாக்டரம்மாவிடம் போனோம். சின்ன வயசு, எங்கள் மகனைவிட இளையவர். என் மனைவி சொன்னதை எல்லாம் நடுவில் மறிக்காமல் கேட்டார். அதுவே பாதி வைத்தியம். ஊசியால்தான் வந்தது என்று மனைவி சொன்னதற்கு, "அப்படிச் சந்தேகப்பட்டது நீங்க மட்டும் இல்லம்மா" என்றார்.

1996இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்ததாம். இதே நோய் வந்த நாய்களில் சுமார் நான்கில் ஒரு பங்குக்கு, நோய் வருவதற்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் தடுப்பூசி போட்டிருந்தார்களாம். அதிலிருந்துதான் இந்தப் பயம் பரவியது. அப்புறம் வந்த ஆய்வுகள் எல்லாம் அதை ஒரே மாதிரி உறுதி செய்யவில்லை. 2019இல் நிபுணர்கள் குழு ஒன்று கிடைத்த ஆதாரங்களை எல்லாம் எடைபோட்டதாம். ஊசிக்கு எதிரான சாட்சி போதவில்லை, பபீசியாவுக்கு எதிரான சாட்சி பலமாக இருக்கிறது என்று சொன்னார்களாம். "வெள்ளச்சி ரத்தத்துல பபீசியாவைக் கண்ணால பார்த்தோம்மா. ஆனா ஊசிக்குப் பங்கே இல்லைன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியம் மனைவிக்குப் பிடித்திருந்தது. அதற்கப்புறம்தான் காது கொடுத்தாள்.

டாக்டரம்மா இரண்டு ஊசியையும் தனித்தனியாகப் பிரித்தார். டிஸ்டெம்பர், பார்வோ முதலானவற்றுக்கான ஊசியில் இருப்பது உயிருள்ள கிருமி, வீரியம் குறைத்தது. ஸ்டீராய்டு நிறையச் சாப்பிடும் நாய்க்கு அதைப் போடக் கூடாது. குட்டியிலிருந்து ஏழு வருஷம் தவறாமல் போட்டிருப்பதால் அந்த எதிர்ப்பு இன்னும் இருக்கும். வளர்ந்த நாய்க்கு அதை மூன்று வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் போட வேண்டியதில்லை என்றுதான் உலக அளவில் இப்போது சொல்கிறார்கள். ஆகவே அது வேண்டாம். எலிக்காய்ச்சல் ஊசி மட்டும் ஒரு வருஷம்தான் தாங்கும். அதில்தான் அவரும் யோசித்தார். வயல்வெளி ஊர், மழைக்காலம் வந்தால் எலி. கடைசியில் அதையும் இப்போதைக்குத் தள்ளி வைத்து, கொல்லை வாய்க்கால் பக்கம் விடாதீர்கள் என்றார். எனக்கு அதில் இன்னும் முழுத் திருப்தி இல்லை. ஐப்பசி மழைக்கு முன் மறுபடி கேட்க வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

வெறிநாய்க்கடி ஊசி அப்படியில்லை. அதிலிருப்பது செத்த கிருமி. அதனால் அந்த நோய் வராது. ஆனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புவதுதான் எந்த ஊசிக்கும் வேலை. இவள் விஷயத்தில் நாங்கள் ஒன்றரை வருஷமாகத் தாலாட்டுப் பாடித் தூங்க வைத்துக்கொண்டிருப்பதே அந்தச் சக்தியைத்தான். சிக்கல் அங்கேதான்.

மகன் சொல்லிக் கொடுத்ததை நான் கேட்டேன். ரத்தத்தில் எதிர்ப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க முடியாதா? முடியும் என்றார். பெங்களூருக்கு அனுப்பிப் பார்க்கலாம். வெளிநாட்டுக்கு நாயைக் கொண்டுபோகிறவர்கள் அப்படிச் செய்கிறார்கள். 0.5 யூனிட்டுக்கு மேல் இருந்தால் போதும் என்பது கணக்கு. மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதையே பண்ணிடலாமே!"

"பண்ணலாம்மா. இருக்குன்னு வந்தா சந்தோஷம். ஆனா நாளைக்கே ஒரு வெறிநாய் கடிச்சா, அந்தப் பேப்பரைப் பார்த்துட்டு நான் சும்மா இருக்க முடியாது. அப்பவும் ஊசி போட்டுத்தான் ஆகணும். இன்னொண்ணு. இன்னைக்கு அவளுக்கு 38 இருக்கு, மாத்திரை ரொம்பக் கம்மி. இது மாதிரி ஒரு நல்ல நேரம் எப்பவும் இருக்கும்னு சொல்ல முடியாது. மறுபடி விழுந்து மாத்திரையைக் கூட்டினோம்னா, அப்ப ஊசி போட நினைச்சாலும் உடம்பு ஏத்துக்காது."

ஆபத்து எவ்வளவு என்று எண்ணிக்கையில் சொல்லுங்கள் என்றேன். பழக்கதோஷம். அமெரிக்காவில் பன்னிரண்டு லட்சம் நாய்களின் பதிவேட்டைப் பார்த்து 2005இல் ஒரு கணக்கு வெளியிட்டிருக்கிறார்களாம். ஊசி போட்ட மூன்று நாளுக்குள் ஏதாவது தொந்தரவு வந்தது 10,000 நாய்களில் 38க்கு. அதில் பெரும்பாலானவை முகம் வீங்குவது, தடிப்பு, வாந்தி மாதிரியானவை. ஆனால் சின்ன நாய்களுக்கு ஆபத்து கூடுதல். ஒரே நேரத்தில் எத்தனை ஊசி கூடுகிறதோ அத்தனைக்கு ஆபத்தும் கூடுகிறது. 2023இல் ஏழரைக் கிலோ நாய்க்கு ஒரே நாளில் இரண்டு ஊசி போட்டதை நான் நினைத்துக்கொண்டேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் சொன்னதில் பாதி சரி என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

"அந்தக் கணக்கு ஆரோக்கியமான நாயையும் சேர்த்துதானே, இவளுக்குன்னு ஒரு கணக்கு இல்லையே" என்றேன். இல்லை என்று ஒப்புக்கொண்டார். முடிவை எங்களிடம் விட்டார். வீட்டுக்கு வந்து யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து நான் நோட்டில் நடுவில் ஒரு கோடு போட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று எழுதினேன். இடது பக்கம் ஏழு வரி, வலது பக்கம் ஐந்து வரி. எழுதி முடித்ததும் ஒன்றும் விளங்கவில்லை. ஐந்து வரிக்கும் ஏழு வரிக்கும் நடுவில் கூட்டல் கழித்தல் போட முடியாத சமாச்சாரம் அது. மனைவி நோட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து, ராத்திரி வெள்ளச்சிக்கு உண்ணி இருக்கிறதா என்று காதைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவள் தானாகச் சொன்னாள்.

"அன்னைக்கு டார்ச் அடிச்சுப் பார்த்தோமே. அது மாதிரி இன்னொரு தடவை என்னால தேட முடியாதுங்க. போட்டுடுவோம்."

அவ்வளவுதான். என் அப்பா நின்றபடி சொன்ன அதே இரண்டு வார்த்தை அளவுதான் ஆயிற்று அவளுக்கும்.

ஆனால் எப்படிப் போடுவது என்பதில் நாங்கள் ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. முதலில் இரண்டு வாரம் உண்ணிக்கு மருந்து. வீட்டுச் சுவர் இடுக்கு, கட்டில் மூட்டு எல்லாம் சுத்தம். ஊசிக்கு முதல் நாள் ரத்தப் பரிசோதனை: 38. வெறிநாய்க்கடி ஊசி மட்டும், தனியாக. காலை ஒன்பது மணிக்கு, அப்போதுதான் பகல் முழுக்கக் கண்ணெதிரே இருப்பாள். முன்னதாக அலர்ஜிக்கு ஒரு அவில் ஊசி. போட்டு முடித்து ஒரு மணி நேரம் அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். மனைவி ஃபிளாஸ்கில் காப்பி கொண்டுவந்திருந்தாள், அதைத் திறக்கவே இல்லை. வெள்ளச்சி மட்டும் போகிற வருகிற ஆடு மாடுகளைப் பார்த்துக் கத்திக்கொண்டு சந்தோஷமாக இருந்தாள். ஒரு கன்றுக்குட்டியைக் கட்டோடு விரட்டப் பார்த்தாள்.

அன்று ராத்திரி கொஞ்சம் சோர்வு. ஊசி போட்ட இடத்தில் ஒரு சுண்டைக்காய் அளவு கட்டி. இரண்டு நாளில் கரைந்தது. அதெல்லாம் சாதாரணம். எங்கள் பயம் மூன்று நாளில் முடிகிற பயமில்லை. அந்த மூன்று வாரம்தான். தினமும் காலையில் மனைவி பல்லு தேய்ப்பதற்கு முன்னால் அவள் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பாள். நான் கொல்லைக்குப் பின்னாலேயே போய் சிறுநீரின் நிறம் பார்ப்பேன். எழுபது வயசு மனுஷன் காலங்கார்த்தாலே செய்கிற வேலையா என்று பால்காரர் கேட்காமல் கேட்டார்.

பத்தாம் நாள் பரிசோதனையில் 35 என்று வந்தது. அந்தச் சீட்டைக் கையில் வாங்கியபோது என் கால் தரையில் பாவவில்லை. டாக்டரம்மா, மூன்று புள்ளி இப்படி அப்படி இருப்பது சகஜம், தண்ணீர் குடித்திருந்தால்கூட மாறும், ஒரு வாரம் பொறுங்கள் என்றார். அந்த ஒரு வாரம் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டோம். அவள் ஒரு தடவைகூட "நான் சொன்னேனே" என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது, சொல்லியிருந்தால் தேவலை.

பதினெட்டாம் நாள் 37. இருபத்தாறாம் நாள் 38.

மே இரண்டாம் வாரம் பேத்தி வந்தாள். வந்ததும் வாராததுமாக வெள்ளச்சியை இழுத்துக்கொண்டு ஊஞ்சலுக்குப் போய்விட்டாள். மகன் பீரோவிலிருந்து அட்டையை எடுக்கச் சொல்லிப் பார்த்தான். புது ஸ்டிக்கர், தேதி, கையெழுத்து. பக்கத்தில் போன வருஷத்து இடம் காலியாக இருந்தது. அதை விரலால் தடவிவிட்டு அவன் அம்மாவைப் பார்த்தான். அவள், "சாப்பிட வா, ஆறிடும்" என்றாள்.

அடுத்த தேதி 2026 ஏப்ரல் என்று போட்டிருக்கிறது. காலண்டர் இன்னும் வரவில்லை என்பதால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. அது என் கையெழுத்தில்லை.